செவியாவில் எந்தக் கடைக்கு எதற்காகப் போவது

சித்தப்பா மகன் அக்டோபரில் ஸ்பெயின் போகிறான். போன வாரம் வாட்ஸப்பில் கேட்டான்: "யக்கா, நீ செவியாவுல ஏழு மாசம் இருந்தேல்லா? அங்க இருக்கதுலயே நல்ல தபாஸ் கடை ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு போதும்."

தபாஸ் என்றால் சின்னச் சின்னத் தட்டில் வரும் ஸ்பெயின் பலகாரம். பதில் தட்டச்ச உட்கார்ந்தேன். கடைப் பெயர் ஒன்றை எழுதினேன், அழித்தேன். இன்னொன்றை எழுதினேன், அதையும் அழித்தேன். அந்த ஊரில் ஒரு கடையை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே நீட்டி எழுதுகிறேன். போகிற வேறு யாருக்காவது பயன்படும்.

நான் போனது ஜனவரியில். குவாதல்கிவிர் ஆற்றின் நடுவே, 1992 உலகக் கண்காட்சி நடந்த கார்த்தூஹா தீவில்தான் அலுவலகம். வீடு ஆற்றுக்கு மேற்கே, ட்ரியானாவில். முதல் வாரம் யாரையும் தெரியாது. சனிக்கிழமை தேவாலயம் பார்க்கப் போய்விட்டு, பசியோடு பக்கத்தில் இருந்த ஒரு கடையில் உட்கார்ந்தேன். வாசலில் ஆளுயரப் பலகை, அதில் சாப்பாட்டுப் படங்கள், ஐந்து மொழியில் விலை. பாயேயா கேட்டேன். மஞ்சள் சாயம் பிடித்த சோறு வந்தது, ஓரம் சுட்டது, நடுவில் குளிர்ந்து கிடந்தது. கேட்காமல் வைத்த ரொட்டிக்கும் தனியாகக் காசு. மனம் விட்டுப்போயிற்று. பாயேயா வாலென்சியா பக்கத்துச் சாப்பாடு என்பதும், செவியாக்காரர்கள் தபாஸ் சாப்பிடப் போகும்போது அதைத் தேட மாட்டார்கள் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசை அம்மாவிடம் சொன்னேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர், ட்ரியானாவிலேயே பிறந்து வளர்ந்தவர். "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அப்படிக் கேட்காதே, எனக்கே பதில் தெரியாது என்றார். "பிரிங்கா எங்கே? அதைக் கேள். அதோபோ எங்கே? கீரை எங்கே? தனித்தனியாகக் கேள்." அதற்குப் பிறகு ஏழு மாதமும் நான் செய்தது அவ்வளவுதான். ஆளைப் பார்த்தால் பலகாரத்தின் பெயரைச் சொல்லி, அது எங்கே என்று கேட்பேன். வீட்டுக்காரர், மீன்காரர், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வரைக்கும் கேட்டேன். எல்லாரும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னது தவறு என்று இன்னொருவர் சண்டைக்கும் வந்தார்.

கடைகள் நடக்கிற விதம் அப்படி. ஒரு கடையின் கரும்பலகையில் முப்பது பெயர் இருக்கும். ஆனால் ஊர்க்காரர்கள் அங்கே வருவது அதில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான். ஒரு சின்னத் தட்டு, ஒரு சின்னக் குவளை, நின்றபடி சாப்பாடு, காசைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஐந்து தட்டு வாங்கினால் நான்கு தட்டு சுமாராகத்தான் இருக்கும். ஐந்து கடைக்குப் போனால் ஐந்தும் தேறும்.

அளவு தெரிந்துகொள்ள வேண்டும். தபா என்பது சின்னத் தட்டு, நான்கைந்து வாய். மெதியா ரசியோன் அரைத் தட்டு. ரசியோன் முழுத் தட்டு, நாலு பேர் பங்கு போடலாம். தனியாகப் போகிறவர்கள் வாயைத் திறந்து "தபா" என்றே சொல்லிவிட வேண்டும். நான் இருந்தபோது பெரும்பாலான இடங்களில் ஒரு தபா மூன்று யூரோவிலிருந்து ஐந்து யூரோவுக்குள் முடிந்தது. பல கடைகளில் பார்ரா எனப்படும் கல்லா மேடையருகே நின்றால்தான் தபா கிடைக்கும், மேசையில் உட்கார்ந்தால் அரைத் தட்டிலிருந்துதான் தருவார்கள். கிரனாதாவில் குவளை வாங்கினால் தட்டு இலவசமாக வரும். செவியாவில் அப்படி இல்லை. சில நேரம் நாலு ஒலிவக் காய் வைப்பார்கள், அவ்வளவுதான். தபா என்றால் மூடி. குவளையின் மேல் மூடி போல வைத்த துண்டு என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ராஜா கதை உட்பட. கேட்டுக்கொள்ளலாம், நன்றாக இருக்கும்.

சரி, பிரிங்கா. கொண்டைக்கடலையோடு பன்றி இறைச்சி, கொழுப்பு, சொரீசோ என்ற தொத்திறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி எல்லாம் போட்டு மணிக்கணக்காக வேகவைக்கும் ஒரு குழம்பு உண்டு. அதில் இருந்து இறைச்சியை மட்டும் எடுத்து, நார் நாராகப் பிசைந்து, ஒரு கைக்குள் அடங்கும் ரொட்டிக்குள் வைத்து, சூட்டில் அழுத்தித் தருவார்கள். மொன்தாதீத்தோ என்று பெயர். இதற்குப் போக வேண்டியது போதெகீத்தா ரொமேரோ. அரீனாஸ் தெருவில் இருக்கிறது, மாவுகளின் தெரு என்று பொருள். ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுவென்று உடையும், உள்ளே கொழுப்பு உருகி விரலில் வழியும். முதல்முறை ஒன்று வாங்கினேன். இரண்டாவது வாங்கக் கூடாது, அடுத்த கடை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வாங்கினேன்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில், கார்சியா தெ வினுவேசா தெருவில் காசா மொராலெஸ். 1850-இல் தொடங்கியது. முன்பக்கம் குறுகலான பார், பின்பக்கம் ஒரு கூடம். அந்தக் கூடத்தில் ஆளைவிட உயரமான மண்தாழிகள் சுவரோரம் நிற்கின்றன. முன்பு மொத்தமாக ஒயின் ஊற்றி வைத்தவை. இப்போது அவற்றின் மேல்தான் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலைச் சாக்பீஸால் எழுதுகிறார்கள். நெல் குதிர் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கூடத்தில் நின்றாலே மனசு அமைதியாகிவிடும். அங்கே மன்சனீயா குடிக்க வேண்டும்.

மன்சனீயாவைப் பற்றிக் கொஞ்சம். செவியா வழியாக ஓடும் அதே ஆறு கடலில் சேரும் இடத்தில் சான்லூகர் என்ற ஊர். அங்கே பீப்பாயில் இருக்கும் வெள்ளை ஒயினின் மேல் ஈஸ்ட் ஓர் ஏடு போலப் படரும். அந்த ஏட்டுக்குப் பூ என்று பெயர். அது காற்றைத் தடுத்துவிடும், ஒயின் வெளிறிய நிறத்திலேயே இருக்கும், இனிப்பு துளியும் இல்லாமல் உலர்ந்த சுவையோடு இருக்கும். கடற்காற்றின் ஈரப்பதத்தில் அந்தப் பூ வாடாமல் நிற்கிறது. ஹெரெஸ் ஊரில் இதே முறையில் செய்வது ஃபீனோ. பீரைவிட வீரியம் அதிகம், சுமார் 15 சதவீதம். அதனால் சின்னக் குவளை, நன்றாகக் குளிர்ந்ததாக. பொரித்த மீனுக்கும் உப்பு ஒலிவத்துக்கும் இதற்கு மேல் ஒரு துணை எனக்குத் தெரியவில்லை.

பொரித்த மீன் என்றதும் அதோபோ. ஊர் நடுவில் கடைத்தெருவை ஒட்டி ஹோசே தெ வெலீயா என்றொரு சின்னத் தெரு. முகவரி தேட வேண்டாம், மூக்கு கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே பிளான்கோ செரீயோ என்ற கடையில் நெத்திலி வகை மீனைக் காடி, பூண்டு, சீரகம், ஓரிகானோ எல்லாம் சேர்த்து ஊறவைத்து, மாவில் புரட்டி எண்ணெயில் போடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு அந்த மணம் தெருவெல்லாம் நிற்கும். சீரகமும் பூண்டும் சூடான எண்ணெயும் சேர்ந்த அந்த வாசனையில், ஊரை விட்டுப் போன முதல் மாதத்தில் நான் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். நம் வீட்டு மீன் வறுவல் அல்ல, ஆனால் உறவுக்காரி.

ட்ரியானா பக்கம் போனால் லாஸ் கொலொந்த்ரீனாஸ். அந்தியானோ காம்போஸ் தெருவில். ட்ரியானா குயவர்களின் ஊர், கடையின் உள்சுவர் முழுக்க வண்ண ஓடுகள். அங்கே கல்லில் சுட்ட காளானும், மெத்தென்ற பன்றி இறைச்சித் துண்டும். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம் என்பதால் வாரத்துக்கு இரண்டு முறை போனேன். மூன்றாவது வாரத்திலிருந்து நான் கேட்காமலே காளான் வந்தது. புதிய ஊரில் தனியாக இருக்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

புதுமாதிரி சமைப்பதற்கு எஸ்லாவா. சான் லொரென்சோ சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது. காளான் கேக்கின் மேல் மெதுவாக வேகவைத்த முட்டையும் காய்ச்சிய ஒயின் பாகும் வைத்துத் தருகிறார்கள். தேன் தடவிய விலா எலும்பும் அங்கே பேர்போனது. கூட்டம் மிக அதிகம். கடை திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வாசலில் நிற்க வேண்டும்.

நேரம் முக்கியம். மதியம் இரண்டு முதல் நான்கு வரை, இரவு ஒன்பதுக்கு மேல். மாலை ஆறரைக்குப் பசிக்கிறது என்று கிளம்பினால் திறந்திருப்பதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கான கடைகள்தான். ஊரின் நல்ல சமையலறைகள் அப்போது மூடியிருக்கும். ஆகஸ்டில் போகவே வேண்டாம். வெயில் 40 பாகையைத் தாண்டும், பல கடைக்காரர்கள் பூட்டிவிட்டுக் கடலோரம் போய்விடுவார்கள். மே மாதம் போனால் கடை வாசல்களில் "நத்தை உண்டு" என்று எழுதிய காகிதங்களைப் பார்க்கலாம். மேயிலும் ஜூனிலும்தான் அது. சின்னக் குவளையில் மூலிகைச் சாற்றோடு தருவார்கள், சாற்றைக் குடித்துவிட வேண்டும்.

அந்த மே மாதம்தான் அம்மா வந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து, பத்து நாளைக்கு. அம்மா சைவம், முட்டையும் கிடையாது. நான்கு மாதமாக நான் தேடி வைத்த பட்டியல் முழுதும் பன்றியும் மீனும். தூக்கமே வரவில்லை. திரும்ப முதலிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.

இந்த ஊரில் "காய்கறி" என்று பட்டியலில் இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. கூனைப்பூவில் ஹமோன் எனும் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையின் துண்டு கிடக்கும், உருளைக்கிழங்கில் சூரை மீன் இருக்கும், சால்மொரெஹோ என்ற தக்காளிக் கூழின் மேல் முட்டையும் ஹமோனும் தூவுவார்கள். நான் சைவம் என்றால், அப்படியானால் கோழி தரட்டுமா என்று அன்போடு கேட்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: இறைச்சி வேண்டாம், ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். இதை ஒரு சீட்டில் ஸ்பானிய மொழியில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்தேன். பொரித்த கத்தரிக்காய் கேட்டபோது, மீன் பொரிக்கும் அதே எண்ணெயா என்றும் விசாரித்தேன். இரண்டு கடைகளில் ஆமாம் என்று மறைக்காமல் சொன்னார்கள். மூன்றாவது கடையில் தனிச்சட்டி இருந்தது. அந்தக் கத்தரிக்காயின் மேல் ஊற்றுவது கரும்புத் தேன். மாலகா மாகாணத்தின் ஃப்ரிஹிலியானா என்ற ஊரில் இன்னும் கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் செய்கிறார்கள். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது நம்ம கருப்பட்டிப் பாகுக்குத் தம்பி" என்றாள். அப்புறம் காடியும் சீரகமும் பூண்டும் போட்டு ஊறவைத்த கேரட். அதை அவள் தினமும் கேட்டாள்.

மன்சனீயா என்ற சொல்லுக்கு அங்கே இன்னொரு பொருளும் உண்டு, சாமந்திப் பூத் தேநீர். நான் சான்லூகர் மன்சனீயா, அம்மா தேநீர் மன்சனீயா. இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு குவளை வாங்கிக் குடித்தோம்.

ஆனால் அம்மாவுக்காக நான் எடுத்து வைத்திருந்த கடை எல் ரின்கோன்சீயோ. 1670-இல் தொடங்கிய கடை, செவியாவின் மிகப் பழைய மதுக்கடை என்று பெயர். சாந்தா கத்தலீனா தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஹெரோனா தெருவில். உள்ளே கருத்த மர மேடை, மேலே வரிசையாகத் தொங்கும் ஹமோன் தொடைகள், அடுக்கில் தூசி படிந்த பழைய புட்டிகள். தொடைகளை அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மேடையின் ஓரத்தில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். கேட்டது எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ், கொண்டைக்கடலை போட்ட கீரை. தவக்காலத்தில் இறைச்சி விலக்கும் நாட்களில் செய்த சமையல், இப்போது வருடம் முழுக்கக் கிடைக்கிறது. இறைச்சிச் சாறு சேர்க்கிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். போகிறவர்கள் ஒவ்வொரு கடையிலும் கேட்டுக்கொள்ளுங்கள், கைக்குக் கை மாறும்.

அம்மா ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஏட்டி, இத என்னத்தப் போட்டுக் கெட்டியாக்கியிருக்காவ? தேங்காயும் இல்ல, பருப்பும் இல்ல."

சொல்லாமல் இருந்தேன்.

"ரொட்டியப் பொரிச்சிருக்காவ. பூண்டையும் அதே எண்ணெயில பொரிச்சு, சீரகத்தோட சேத்து அம்மியில அரைச்சு விட்டிருக்காவ. கடைசியில ஒரு சொட்டு காடி."

அத்தனையும் சரி. அம்மிக்குப் பதில் உரல், அது ஒன்றுதான் வித்தியாசம். அந்தச் செய்முறையை நான் நான்கு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அவள் இரண்டு வாயில் கண்டுபிடித்தாள். மிச்சம் அந்தச் சிவப்பு மட்டும் பிடிபடவில்லை. அது பிமெந்தோன், காய்ந்த மிளகாயின் பொடி, காரம் குறைவு. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போய் இந்தக் காயைக் கொண்டுவந்தார், ஸ்பெயின்காரர்கள் மிளகுக்கான பிமியெந்தா என்ற சொல்லிலிருந்தே இதற்குப் பிமியெந்தோ என்று பெயர் வைத்தார்கள் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாமளும் அப்படித்தான வச்சிருக்கோம். மிளகு, மிளகாய்" என்றாள். போர்த்துக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்த காய்க்கும் அதே வழியில் பெயர் கிடைத்திருக்கிறது. இத்தனை மாதம் அந்தக் கீரையைச் சாப்பிட்டும் எனக்கு அது தோன்றவில்லை.

கீரை சாப்பிட ஊரில் வேறு நல்ல கடைகளும் உண்டு. பக்கத்து மேசை அம்மா ரின்கோன்சீயோவில் இப்போது வெளியூர்க் கூட்டம் மிகுதி, எனக்கு அது ஒத்துவராது என்பார். கூட்டம் இருப்பது உண்மை. மதியம் கடை திறந்தவுடன் போய்விட்டால் மேடையருகே இடம் கிடைக்கும். நான் அதற்காகவே ஒரு மணிக்குப் போவேன்.

தம்பிக்கு இன்னும் மூன்று சேதி. மத்தேயோஸ் காகோ தெருவில் அல்வாரோ பெரெஹில் கடையில் ஆரஞ்சுத் தோல் ஊறவைத்த இனிப்பு ஒயின் கிடைக்கும், ஒரு சின்னக் குவளை போதும். ஹமோன் வாங்குவதானால் தொடையின் குளம்புக்கு மேலே கட்டியிருக்கும் பட்டையின் நிறத்தைப் பார். கருப்புப் பட்டை என்றால் முழு இபேரிய இனம், கருவாலிக் கொட்டை தின்று வளர்ந்தது. சிவப்பு என்றால் கொட்டை தின்ற கலப்பினம். பச்சையும் வெள்ளையும் தீவனம் சேர்த்து வளர்த்தவை. வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து அழைக்கிற கடைக்குள் போகாதே.

அம்மாவின் கடைசி நாள் மறுபடியும் ரின்கோன்சீயோதான். "எங்க போணும்" என்று நான் கேட்டதற்கு, "கீரைக்குப் போவோம்" என்றாள். ட்ரியானாக்காரர் கற்றுக்கொடுத்த அதே மாதிரியான பதில். இந்த முறை அவளே மேடையில் கையை வைத்து "எஸ்பினாகாஸ்" என்றாள். இரண்டு தட்டுக் கீரை, எனக்கு ஒரு மீன் துண்டு, ஒரு ஃபீனோ, அவளுக்கு ஒரு தண்ணீர்.

அந்தக் கடையில் கணக்கைக் காகிதத்தில் எழுத மாட்டார்கள். நாம் நிற்கிற இடத்துக்கு நேரே மர மேடையிலேயே சாக்பீஸால் எழுதுவார்கள், ஒவ்வொரு தட்டு வரும்போதும் ஒரு வரி. எண்கள் அவர் பக்கம் பார்த்து இருக்கும், நமக்குத் தலைகீழ். பாளையங்கோட்டையில் தாத்தாவின் பலசரக்குக் கடையில் அம்மா பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவுக்கு எதிரே நின்று, தாத்தா சிலேட்டில் எழுதுவதைப் பார்த்தபடி வளர்ந்தவள். பரிமாறுகிறவர் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டார். அவர் கூட்டி முடிப்பதற்குள் அம்மா தொகையைத் தமிழில் சொன்னாள். அவர் எழுதியதும் அதுவேதான். அவள் சொன்னதை நான் அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சாக்பீஸை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை அவள் பக்கம் நீட்டி, எண்களுக்குக் கீழே அவள் கையால் எழுதச் சொன்னார். அம்மா தயங்கி, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, அதே தொகையைத் தன் பக்கம் பார்த்து எழுதி, தாத்தா செய்வது போலப் பக்கத்தில் ஒரு சுழி போட்டாள்.

நான் காசு கொடுத்தேன். பக்கத்தில் நின்ற கிழவர் எட்டிப் பார்த்தார். ஈரத்துணி கொண்டுவந்த பரிமாறுகிறவர் மற்ற வரிகளைத் துடைத்தார், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.